ஆஸ்டெக் மூலிகை அறிவை எழுதி வச்சது யாரு?

கேள்வி இதுதான். இப்போ மெக்சிகோன்னு சொல்ற இடத்துல இருந்த ஆஸ்டெக் மக்கள்கிட்ட நம்ம மாதிரி எழுத்து கிடையாது, ஸ்பானியர்கள் வந்து கோயிலை இடிச்சு பழைய புத்தகங்களை எரிச்சுட்டாங்க, அப்புறம் எந்தச் செடி எந்த நோய்க்குன்னு இவ்வளவு விவரமா இன்னிக்கு எப்படி தெரியுது, இதெல்லாம் ஸ்பானியப் பாதிரியார்கள் எழுதினதுதானே, அதை எப்படி நம்பறதுன்னு கேட்டிருக்கீங்க. ரொம்ப நல்ல கேள்வி, பல வருஷமா நான் இதைப் பத்தி படிச்சுட்டிருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல அந்த "பாதிரியார்கள் எழுதினதுதானே"ங்கறதை சரி பண்ணணும். அமெரிக்கக் கண்டத்துல நமக்கு கிடைச்சிருக்கிற மிகப் பழைய மூலிகைப் புத்தகத்தை எழுதினது பாதிரியார் இல்ல, மார்டின் தெ லா குருஸ்னு ஒரு நவா வைத்தியர். (ஆஸ்டெக்னு நாம சொல்றவங்க பேசின மொழி நவாத்ல், அந்த மொழி பேசற மக்களை நவான்னு சொல்றதுதான் சரி, அதனால கீழ ரெண்டும் மாறி மாறி வரும்.) அவர் சொன்னதை லத்தீன்ல மொழிபெயர்த்தவரும் இன்னொரு நவாதான், ஷோச்சிமில்கோ ஊர்க்காரர், பேரு ஹுவான் பதியானோ. பேரைப் பார்த்து ஸ்பானியர்னு நினைச்சுடாதீங்க, ஞானஸ்நானம் வாங்கும்போது வச்ச பேருங்க. 1552 ஜூலை 22-ல புத்தகம் முடிஞ்சுது. ஆஸ்டெக் தலைநகரம் டெனோச்டிட்லான் ஸ்பானியர்கிட்ட விழுந்தது 1521, அதாவது நகரம் விழுந்து 31 வருஷம்தான் ஆகியிருக்கு.

எங்க வச்சு எழுதினாங்கன்னா, டெனோச்டிட்லானோட ஒட்டின த்லாதெலோல்கோவுல ஃபிரான்சிஸ்கன் பாதிரியார்கள் 1536-ல ஆரம்பிச்ச சாந்தா குருஸ் கல்லூரியில. நவா பெரிய வீட்டுப் பசங்களுக்கு லத்தீன் இலக்கணம், தர்க்கம் எல்லாம் அங்க சொல்லிக்கொடுத்தாங்க. ஒரு தலைமுறைக்குள்ள அந்தப் பசங்க லத்தீன்ல கடிதம் எழுதற அளவுக்கு வந்துட்டாங்க, பதியானோ அங்கயே வாத்தியாராவும் இருந்தார். தெ லா குருஸ் அந்தக் கல்லூரியோட வைத்தியர். முன்னாள் வைஸ்ராய் மகன் பிரான்சிஸ்கோ தெ மெண்டோசா கேட்டதால, ஸ்பெயின் ராஜாவுக்கு அனுப்பறதுக்காக புத்தகம் தயாராச்சு. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், அந்தக் கல்லூரி ராஜாவோட பணத்தை நம்பித்தான் ஓடிட்டிருந்தது, அதனால முன்னுரையில "ஏழை இந்தியர்கள் நாங்க"ங்கற மாதிரி தாழ்மையான வார்த்தைகள் நிறைய வரும் (அந்த மண்ணோட மக்களை ஸ்பானியர்கள் இந்தியர்னுதான் சொன்னாங்க, நம்ம நாட்டுக்காரங்க இல்ல). அதைப் படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அந்த நிலத்துச் செடி கொடியெல்லாம் விரல் நுனியில வச்சிருந்த ஒரு மனுஷன், தன் ஊர்லயே, தன் கல்லூரியை காப்பாத்த இப்படி குனிஞ்சு எழுத வேண்டியிருந்திருக்கு.

புத்தகம் கைக்கு அடக்கமானது, 63 தாள். 13 அத்தியாயம். தலையில ஆரம்பிச்சு, கண்ணு, காது, பல்லு, நெஞ்சு, வயிறுன்னு கால் வரைக்கும் இறங்கி வரும், கடைசி அத்தியாயம் சாவு நெருங்கறதுக்கான அறிகுறிகள். இந்த தலை டு கால் வரிசை ஐரோப்பிய மருத்துவப் புத்தகங்களோட பாணி, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா உள்ள இருக்கிற சரக்கு அவங்களோடது. அரசாங்கப் பொறுப்புல இருக்கிறவங்களுக்கு வர்ற அசதிக்குன்னு தனியா ஒரு மருந்தே இருக்கு, மரமும் பூவும் மிருகங்களோட ரத்தமும் ரத்தினக் கல்லும் சேர்ந்த ஒரு பெரிய தயாரிப்பு. எந்த ஐரோப்பியனும் அதை சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

சரி, படங்களுக்கு வர்றேன், ஏன்னா உங்க கேள்விக்கு உண்மையான பதில் அங்கதான் இருக்கு. மொத்தம் 180 சொச்சம் செடிகளோட கலர் படம் இருக்கு. இப்போ ஆன்லைன்லயே பெருசாக்கிப் பார்க்கலாம். ஒரு செடியை எடுத்து அடி வேரைப் பாருங்க. சில செடிக்கு வேர் வெறுமனே முடிஞ்சிருக்காது, வேர் ஒரு வளைஞ்ச கோடு போட்ட உருண்டையைப் பிடிச்சுட்டு நிக்கும், அது அவங்க சித்திர எழுத்துல கல்லுங்கறதுக்கான குறி. அதாவது இது பாறை மேல முளைக்கிற செடி. இன்னொண்ணுக்கு வேரைச் சுத்தி நீல கலர் ஓடும், தண்ணியோரம் வளர்றது. ஒரு செடியோட பேரே அஸ்காபான் இஷ்வா த்லாசோல்பத்லி, பேரோட முன்பாதிக்கு "எறும்பு இருக்கிற இடத்துல முளைக்கிறது"ன்னு அர்த்தம். லத்தீன் வாக்கியத்துல இந்த விவரம் பல இடத்துல இருக்காது, படத்துல மட்டும்தான் இருக்கும். எழுத்து கிடையாதுன்னு கேட்டீங்களே, இதுதான் அவங்க எழுத்து. த்லாகுயிலோன்னு சொல்லுவாங்க, வரையறவரும் எழுதறவரும் ஒரே ஆள், ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. அறிவு, புத்தகம்ங்கறதை குறிக்க நவாத்ல்ல "இன் த்லில்லி, இன் த்லபல்லி"ன்னு ஒரு வழக்கு உண்டு, கறுப்பு மை, சிவப்பு மைன்னு அர்த்தம்.

அந்த த்லில்லி வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. வெனிலாவுக்கு நவாத்ல் பேர் த்லில்ஷோச்சித்ல், ஷோச்சித்ல்னா பூ, கறுப்புப் பூ. ஆனா வெனிலா பூ வெளிர் பச்சை மஞ்சள்தான், கறுப்பு எங்கிருந்து வந்துதுன்னா, காயைப் பறிச்சு பதப்படுத்தினதும் மை மாதிரி கறுத்துப் போகுமே, அதுல இருந்து. அப்போ அந்தப் பேரை வச்சவங்க செடியை மட்டும் பார்த்து வைக்கல, பதப்படுத்தற வேலையும் தெரிஞ்சு வச்சிருக்காங்க. வெனிலா கொடியோட ரொம்பப் பழைய படம் நமக்கு கிடைக்கறது இந்த 1552 புத்தகத்துலதான். ஐஸ்கிரீமுக்காக இல்ல, வழிப்போக்கருக்கு காப்பு மாதிரி. வெனிலாவையும் வேற சில வாசனைப் பொருளையும் அரைச்சு, ஒரு பூவுக்குள்ள வச்சு, கழுத்துல கட்டிக்கிட்டு பயணம் போகணும்னு இருக்கு.

பேர் வைக்கிறதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா எழுதி வைக்கறதுக்கு முன்னாடியே அவங்க தாவரவியல் பேருக்குள்ள பத்திரமா இருந்துச்சு. நம்ம ஊர்ல அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரைன்னு கீரைன்னு முடிஞ்சா சமைச்சு சாப்பிடலாம்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும் இல்லையா, அதே வேலையை நவாத்ல்ல கிலித்ல்ங்கற விகுதி செய்யுது. பத்லின்னு முடிஞ்சா மருந்து. ஷோச்சித்ல்னு முடிஞ்சா அழகுக்கோ பூஜைக்கோ ஆன பூ. குவாவித்ல்னு முடிஞ்சா மரம். த்சபோத்ல்னு முடிஞ்சா இனிப்பான சதைப் பழம், அதுல வெள்ளை த்சபோத்ல், கறுப்பு த்சபோத்ல்னு வகை பிரியும். இந்த த்சபோத்ல்தான் ஸ்பானியர் வாயில சபோத்தே ஆகி, கடல் கடந்து, நம்ம பழக்கடையில சப்போட்டான்னு நிக்குது. தக்காளியும் அப்படித்தான், தோமத்ல்ங்கறது ஒரு செடியோட பேர் இல்ல, ஒரு இனத்தோட பேர், ஷிதோமத்ல், மில்தோமத்ல், கொயோதோமத்ல்னு முன்னாடி ஒட்டு போட்டு பிரிச்சாங்க, நாம தக்காளி, மணத்தக்காளின்னு சொல்ற மாதிரியே. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேர்க்கடலை. தென் அமெரிக்கப் பக்கத்துல இருந்து வந்த அந்தக் கடலையைப் பார்த்து அவங்க வச்ச பேரு த்லால்ககவத்ல், த்லால்லின்னா மண்ணு, ககவத்ல்னா கொக்கோ விதை. மண்ணுக்குள்ள விளையற கொக்கோ. நாம அதையே பார்த்து நிலக்கடலைன்னு வச்சோம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு மொழி, ஒரே செடியைப் பார்த்து ஒரே மாதிரி யோசிச்சிருக்கு.

சாமி படத்துக்கு கட்டற செண்டுமல்லி இருக்கே, அதோட சொந்த ஊரும் அங்கதான், செம்போவால்ஷோச்சித்ல்னு பேர், இருபது பூ, அதாவது அடுக்கடுக்கா நிறைய இதழ் உள்ளது. அவங்க எண்ணிக்கை இருபது இருபதா போகும், அதனால இருபதுன்னா "நிறைய"ன்னு எடுத்துக்கலாம். நம்ம ரோட்டோரத்துல மஞ்சப் பூவும் முள்ளு இலையுமா நிக்கிற பிரம்மதண்டு கூட அங்கிருந்து வந்ததுதான், அங்க சிக்கலோத்ல்.

இந்த அறிவு வெறும் கிராமத்துப் பாட்டி வைத்தியமா மட்டும் இருக்கல, அரசாங்கமே செலவு பண்ணி வளர்த்துச்சு. 15-ம் நூற்றாண்டுல ஆஸ்டெக் ராஜா முதலாம் மொக்தெசூமா, மலைக்கு அந்தப் பக்கம் கதகதப்பான வாஷ்டெபெக்ல ஒரு தோட்டம் போட்டார். கடலோரச் சீமையில இருந்து கொக்கோ, வெனிலான்னு எல்லாத்தையும் வேரோட மண்ணோட பாயில சுருட்டி, அங்கத்து தோட்டக்காரங்களையும் குடும்பத்தோட கூட்டிட்டு வந்து நட வச்சாங்கன்னு டூரான்னு ஒரு பாதிரியார் வரலாறு எழுதியிருக்கார். நடறதுக்கு முன்னாடி தோட்டக்காரங்க எட்டு நாள் விரதம் இருந்தாங்களாம், காதைக் கீறி ரத்தம் எடுத்து செடி மேல தெளிச்சாங்களாம். டெனோச்டிட்லானைப் பிடிச்ச ஸ்பானியத் தளபதி கோர்டெஸே அந்தத் தோட்டத்தைப் பார்த்துட்டு ராஜாவுக்கு எழுதின கடிதத்துல, இவ்வளவு அழகான, இவ்வளவு பெரிய தோட்டத்தைப் பார்த்ததே இல்லைங்கற மாதிரி புகழ்ந்திருக்கார். ஐரோப்பாவுல பீசா, படுவா பல்கலைக்கழகத் தாவரத் தோட்டங்கள் 1540-களில்தான் வருது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

அடுத்தது சஹாகுன். பெர்னார்தினோ தெ சஹாகுன், 1529-ல மெக்சிகோ வந்த ஃபிரான்சிஸ்கன், சாகற வரைக்கும் அங்கேயே இருந்தார். நீங்க சொன்ன "பாதிரியார் எழுதினது" இவரை மனசுல வச்சுத்தான்னு நினைக்கிறேன். ஃபிளாரன்ஸ் கோடெக்ஸ்னு இன்னிக்கு சொல்ற 12 புத்தகம் அவர் பேர்ல இருக்கு, கிட்டத்தட்ட 2,500 படம், ஒவ்வொரு பக்கமும் ரெண்டு பத்தி, ஒண்ணுல நவாத்ல், ஒண்ணுல ஸ்பானிஷ். 11-வது புத்தகம் முழுக்க மிருகம், பறவை, மரம், செடி, கல்லு. ஆனா அவர் தனியா உக்காந்து எழுதினதில்ல. பெரியவங்களைக் கூப்பிட்டு கேட்கறது, அவங்க சொன்னதை த்லாதெலோல்கோ கல்லூரியில படிச்ச நவா அறிஞர்கள் நவாத்ல்ல எழுதறது, திரும்ப வேற ஊர்ல வேற ஆட்கள்கிட்ட காட்டி சரிபார்க்கறதுன்னு பல வருஷம் ஓடுச்சு. அந்தோனியோ வலேரியானோ, அலோன்சோ வெஹெரானோ, மார்டின் ஹகோபிதா, பெத்ரோ தெ சான் புவெனவெந்தூரான்னு நாலு பேர் பேரை சஹாகுனே சொல்லியிருக்கார்.

மருந்துச் செடிகள் முடியற இடத்துல ஒரு குறிப்பு இருக்கு, அதைத்தான் எல்லாருக்கும் காட்டணும்னு தோணும். மேல சொன்ன மருந்து விவரமெல்லாம் த்லாதெலோல்கோவுல ஊரறிய வைத்தியம் பாக்கற, வயசான, அனுபவசாலி வைத்தியர்கள் கொடுத்தது, அவங்களுக்கு எழுதத் தெரியாததால தங்க பேரை போடச் சொல்லி எழுத்தர்கிட்ட கேட்டுக்கிட்டாங்கன்னு எழுதி, எட்டு பேர் பேரும் தெருவும் போட்டிருக்கு. கஸ்பார் மத்தியாஸ், கொன்செப்சியோன் பகுதி. பெத்ரோ தெ சாந்தியாகோ, சாந்தா இனேஸ். பிரான்சிஸ்கோ சிமோன், மிகேல் தாமியான், ரெண்டு பேரும் சாந்தோ தொரிபியோ. ஃபெலிப்பே ஹெர்னாண்டெஸ், சாந்தா ஆனா. பெத்ரோ தெ ரெகேனா. மிகேல் கார்சியா. மிகேல் மொதொலினியா. 450 வருஷத்துக்கு முன்னாடி, யாரு சொன்னாங்கன்னு பேரும் தெருவும் போட்டு ஒரு மருத்துவக் குறிப்பு. அந்தக் காலத்து ஐரோப்பாவுல எத்தனை புத்தகத்துல நாட்டு வைத்தியர் பேர் இப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம் நிம்மதியா நடந்த வேலையும் இல்ல. 1545-ல கொகோலிஸ்த்லின்னு ஒரு கொள்ளை நோய், த்லாதெலோல்கோவுல மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல பிணம் புதைச்சேன்னு சஹாகுன் சொல்றார். 1576-ல திரும்ப வந்துச்சு, சரியா கடைசிப் பிரதி தயாராகிட்டிருக்கும்போது. நோய் கொடுமையில கலர் கிடைக்கல, அதனால கடைசிப் பகுதிகள்ல நிறைய படம் வெறும் கறுப்புக் கோட்டோட நின்னுபோச்சு. கலர் நிறைஞ்ச பக்கங்களைப் பார்த்துட்டே வந்து திடீர்னு அந்த வெறும் கோட்டுப் படங்கள் வர்ற இடம் இருக்கே, அங்க நான் ஒவ்வொரு தடவையும் நின்னுடுவேன். வெளியில ஜனங்க செத்துட்டிருக்காங்க, உள்ள வரையறவங்க கலர் இல்லாமலும் நிறுத்தாம வரைஞ்சிருக்காங்க. முடிச்சதும் என்னாச்சு? 1577 ஏப்ரல்ல ராஜா இரண்டாம் பிலிப், இந்த மாதிரி இந்தியர் பழக்கவழக்கம் பத்தின எழுத்தெல்லாம் பறிமுதல் பண்ணி அனுப்புன்னு உத்தரவு போட்டார். சுத்தி சுத்தி ஒரு பிரதி இத்தாலியில ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்து கைக்குப் போய், இன்னிக்கும் ஃபிளாரன்ஸ்ல லாரென்சியன் நூலகத்துல இருக்கு.

அதே ராஜாதான் இன்னொரு பக்கம் தன் சொந்த வைத்தியர் பிரான்சிஸ்கோ ஹெர்னாண்டெஸை செடி சேகரிக்க அனுப்பினதும். 1571-ல வந்து 1577 வரைக்கும் ஊர் ஊரா சுத்தி 3,000-க்கு மேல செடியை விவரிச்சார். ஐரோப்பாவே 1500 வருஷமா வேதம் மாதிரி வச்சிருந்த, தியோஸ்கோரிதெஸ்ங்கற பழைய கிரேக்க வைத்தியரோட புத்தகத்துல இருக்கறது ஏறக்குறைய 600 செடிதான். வாயில போட்டுப் பார்த்து உயிரே போற நிலைக்கும் ஒரு தடவை போயிருக்கார், மனுஷன் உழைப்பை குறை சொல்ல முடியாது. செடிக்கெல்லாம் நவாத்ல் பேரையே வச்சதும் பெரிய உதவி. ஆனா இவருக்கு கிரேக்க வைத்தியம்தான் உண்மை, எல்லாச் செடியையும் சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம்னு படி போட்டு அளந்தார். சூட்டு நோய்க்கு சூட்டு மருந்து கொடுக்கறாங்களே, இவங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு உள்ளூர் வைத்தியர்களை திட்டறார். அவங்க வேற கணக்குல மருந்து கொடுக்கறாங்கன்னு அவருக்குத் தோணவே இல்ல. 16 வால்யூம் ராஜாவுக்குப் போச்சு, எஸ்கோரியல் அரண்மனையில வச்சிருந்தாங்க, 1671-ல தீப்பிடிச்சு போயிடுச்சு. சுருக்கமும் கைப்பிரதிகளும் தப்பிச்சதால 1615-ல மெக்சிகோவுலயும் 1651-ல ரோம்லயும் கொஞ்சம் அச்சாச்சு. அவருக்குப் படம் வரைஞ்ச நவா ஓவியர்கள் மூணு பேர் பேர் நமக்குத் தெரியும், அந்தோன், பல்தசார் எலியாஸ், பெத்ரோ வாஸ்கெஸ்.

இப்போ எப்படி நம்பறதுங்கற கேள்வி. கண்ணை மூடிட்டு நம்பக் கூடாது. சொல்றவங்களுக்கு பயம் இருந்துச்சு. ஒலோலியுக்கின்னு ஒரு கொடியோட விதை, அதைக் குடிச்சு தெய்வத்துகிட்ட கேள்வி கேட்பாங்க, இதுமாதிரி விஷயத்தை பாதிரியார் முன்னாடி யாரும் முழுசா திறந்து சொல்லியிருக்க மாட்டாங்க, சொன்னதையும் எழுதறவர் சாத்தான் வேலைன்னு தலைப்பு போட்டுத்தான் எழுதினார். பின்னாடி 1620-ல கத்தோலிக்க சர்ச்சோட விசாரணை மன்றம் பெயோத்தே கள்ளியை தடையே பண்ணிடுச்சு. தெ லா குருஸ் புத்தகத்துலயும் சாமி பேர், மந்திரம் எதுவும் கிட்டத்தட்ட இல்ல, ராஜாவுக்குப் போற புத்தகம், துடைச்சு சுத்தம் பண்ணித்தான் கொடுத்திருக்காங்க. ஒலோலியுக்கி விஷயம் கட்டுக்கதை இல்லைங்கறதுக்கு ஆதாரம் 1960-ல வந்துச்சு, எல்.எஸ்.டி.ங்கற, மாயத்தோற்றம் காட்டற போதைப்பொருளைக் கண்டுபிடிச்ச ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்த விதையை சோதிச்சு, எல்.எஸ்.டி.க்கு நெருங்கின வேதிப்பொருள் உள்ள இருக்குன்னு காட்டினார்.

சோதனைன்னு வரும்போது ஒர்டிஸ் தெ மொந்தெல்லானோங்கற ஆய்வாளர் 1975-ல செஞ்சது முக்கியம். இந்தச் செடி நம்ம மருத்துவப்படி வேலை செய்யுதான்னு அவர் கேட்கல, அவங்க என்ன நடக்கணும்னு எதிர்பார்த்து கொடுத்தாங்களோ அது நடக்குமான்னு கேட்டார். தலைவலின்னா தலையில ரத்தம் அதிகமாயிடுச்சுன்னு நம்பினாங்க, அதனால மூக்குல இழுத்தா தும்மலும் ரத்தமும் வர்ற பொடி கொடுத்தாங்க, அப்போ கேட்க வேண்டியது அந்தப் பொடி தும்மலும் ரத்தமும் வர வைக்குமாங்கறதுதான். அப்படிப் பார்த்தா அவர் எடுத்துக்கிட்ட செடிகள்ல பெரும்பாலானது சொன்ன வேலையைச் செய்யுது. புண்ணுக்கு மாகே கத்தாழைச் சாறை உப்பு சேர்த்துப் போட்டாங்க, கெட்டியான அந்தச் சாறு கிருமியைக் கொல்லுதுன்னு லேப்ல காட்டியிருக்காங்க.

சிவாபத்லிங்கற செடியோட போய் முடிக்கறேன். சிவாத்ல்னா பொம்பளை, பத்லின்னா மருந்து. பிரசவம் தாமதமானா மருத்துவச்சி இதை வேக வச்சுக் கொடுப்பா, அதுக்கும் ஆகலைன்னா த்லாகுவாசின்ங்கற பை வச்ச மிருகத்தோட வாலை அரைச்சுக் கொடுப்பான்னு சஹாகுன் புத்தகத்துல வருது, தெ லா குருஸும் ரெண்டையும் பிரசவத்துக்கே சொல்றார். ரெண்டு தனித்தனி புத்தகம், தனித்தனி ஆட்கள், ஒரே மருந்து. இந்த மாதிரி ஒத்துப்போற இடங்களைத்தான் நான் முதல்ல நம்புவேன். வாலைப் பத்தி தெரியாது, ஆனா சிவாபத்லி இலையில கர்ப்பப்பையை சுருங்க வைக்கிற பொருள் இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணி, அதுல ஒண்ணுக்கு சோவாபதனோல்னு அந்தச் செடி பேரையே வச்சிருக்காங்க. (அதனால கர்ப்பமா இருக்கிறவங்க யாரும் மூலிகைன்னு நினைச்சு இதைத் தொடவே கூடாது.)

தெ லா குருஸோட புத்தகம் ஸ்பெயின் போய், அங்கிருந்து கார்டினல் பார்பெரினி நூலகம் வழியா வாடிகன் போய், யாரும் தேடாம கிடந்து, 1929-ல ஒரு அமெரிக்கப் பேராசிரியர் கண்ணுல பட்டுச்சு. 1990-ல போப் இரண்டாம் ஜான் பால் அதை மெக்சிகோவுக்கே திருப்பிக் கொடுத்தார், இப்போ மெக்சிகோ சிட்டியில மானுடவியல் நூலகத்துல இருக்கு. சிவாபத்லி இன்னமும் மெக்சிகோ மார்க்கெட்கள்ல நாட்டு மருந்து விக்கிறவங்ககிட்ட கிடைக்குது, சோவாபத்லேன்னு கேட்டா எடுத்துத் தருவாங்க.